மாகறல் போக ஒரு கார்

எங்கள் தெருவில் அவருடைய முகத்தைவிடக் கால்களைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். எப்போது பார்த்தாலும் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவரிடம் பேச வேண்டியவர்கள் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசுவார்கள். பால்காரர், தபால்காரர், கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் காருக்கு அடியிலிருந்துதான் பதில் வரும். பெரும்பாலும் ஒரே பதில். "ஆவட்டும்பா."

யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'கார்க்காரர்' என்றால் போதும். அது நெசவாளர்கள் தெரு. சைக்கிள் இருந்தாலே பெரிது. அறுபதுகளில் நான் கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது அவர் எங்களுக்கு அடுத்த வீடு. என் வீட்டுக்காரர் தறியில் உட்காருவார், நான் குறுக்கு நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுப்பேன். கார்க்காரர் வீட்டுக்குப் பின்னால் பட்டு நூலுக்கு முறுக்கேற்றுகிற மிஷின் ஷெட் வைத்திருந்தார். எங்களைவிடக் கொஞ்சம் வசதி. பிள்ளைகள் கிடையாது. அவரும் அவர் மனைவி தனம் அக்காவும் மட்டும்தான்.

காரை அவர் ஆசைக்கு வாங்கவில்லை, அக்காவுக்காகத்தான் வாங்கினார். பின்னாளில் தெருவில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக வலு போய்க்கொண்டிருந்தது. முதலில் வாசற்படியில் தடுக்கி விழுந்தார். பிறகு தடுக்க எதுவுமே இல்லாத இடத்திலும் விழுந்தார். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதில், நரம்புக் கோளாறு, மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். ஒருமுறை பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டார். பின்னால் நின்ற கூட்டம் சத்தம் போட்டது. அதைக் கார்க்காரரால் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாளில் மெட்ராசுக்குப் போய் ஒரு பழைய சீமைக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். சின்னக் கார். இரண்டே கதவு. நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். தெருவே கூடி நின்று பார்த்தது.

ஆரம்பத்தில் அந்தக் கார் அக்காவை ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போய் வந்தது. ஒரு குறையும் இல்லாமல் போய் வந்தது. அங்கேதான் வினை பிடித்தது.

நன்றாக ஓடுகிற எதையும் அவரால் நம்ப முடியாது. ஷெட்டில் வேலை செய்த ஒரு பெண் சொல்வாள்: "நின்னு போன மிஷின எல்லாரும் ஏன் நின்னுச்சுன்னு பாப்பாங்க. இவுரு ஓடற மிஷின நிறுத்திட்டு, ஏன் ஓடுதுன்னு பாக்கறாரு." காருக்கும் அதே கதிதான்.

ஒரு நாள் காலை என் வீட்டுக்காரரைத் தறியிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார். கார் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் கேளுபா. கேக்குதா?"

"எது அண்ணா?"

"டிக் டிக்னு ஒரு சத்தம். ஆக்சிலேட்டர் குடுத்தா வருது, உட்டா போயிடுது."

தெரு முழுக்கத் தறிகள் அடித்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்தில் நின்று பேசுவதே காதில் விழாது. என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "எனக்கு நம்ம தெரு தறி சத்தந்தான் கேக்குது."

"அதுக்குள்ள கேளுபா. இன்னாவோ ஒண்ணு தேயுது."

அன்றைக்கே என்ஜினைத் திறந்தாகிவிட்டது. அந்த மாதம் வேலூர் போகவில்லை. அடுத்த மாதம் அந்தச் சத்தம் போய் வேறு சத்தம் வந்துவிட்டது என்றார். "டாக்சி வச்சிக்கினு போயிட்டு வாங்களேன்" என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஊட்ல வண்டிய வச்சிக்கினு டாக்சியில போவாங்களா? வர்ற வாரம் ரெடியாயிடும்பா."

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பொழுது சாய்ந்ததும் கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு, மறுபடியும் கழுவி, அக்காவின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் கால்களுக்கு எண்ணெய் தடவிவிடுவார். பாதத்தில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் நிதானமாகத் தேய்ப்பார். எத்தனை முறை கழுவினாலும் கையில் கிரீஸ் வாடை போகாது. "இந்த வாடை வந்தாதான் எனக்குத் தூக்கம் வருது" என்று அக்கா சொல்வார். வேறு எந்தப் புருஷனும் எங்கள் தெருவில் அப்படி மனைவியின் காலைப் பிடித்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அக்காவால் உட்கார முடியாமல் போனபோது ஓட்டுகிறவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த முன் சீட்டை அவர் கழற்றி எறிந்தார். படுத்தபடி போகலாம் என்றார். ஆனால் அந்தச் சின்னக் கதவு வழியாகப் படுத்திருக்கிற ஆளை எப்படி உள்ளே விடுவது? அக்காவை மடக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வலியில் ஒருமுறை கத்திவிட்டார். அதற்குப் பிறகு கார்க்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரையில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டார். பிறகு வெல்டிங் கடைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து, காரின் பின்பக்கத்தையே அறுக்கச் சொன்னார்.

டிக்கி போயிற்று. பின் கண்ணாடிக்கு மேலே கீல் வைத்து, கண்ணாடியோடு சேர்த்துப் பின்பக்கம் முழுவதையும் ஒரே கதவாக்கினார். மேலே தூக்கினால் கடைக்குப் பந்தல் போட்டது மாதிரி நிற்கும். இரண்டு பக்கமும் முட்டுக் கம்பி. உள்ளே தேக்குப் பலகையில் ஒரு படுக்கை, கீழே சின்னச் சக்கரங்கள். அக்காவைப் பலகையில் கிடத்தி அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். இன்றைக்குப் பின்கதவை மேலே தூக்குகிற கார் தெருவுக்குத் தெரு நிற்கிறது. அன்றைக்கு அப்படி ஒன்றை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. வேறு பேட்டைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அந்தக் கதவைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

முதல் தடவை ஏற்றிய நாளில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "பன்னு அடுப்புல தட்ட தள்றா மாரி தள்றாரு பாரு மல்லிகா!" நான் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன். ஏகாம்பரநாதர் கோயில் வரைக்கும் போனோம். படுத்தபடியே பின் கண்ணாடி வழியாக அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "கோபுரம் பின்னாடியே வருது பாரு, நம்மள உட்டுட்டு இருக்க மாட்டேங்குது." அவர் பக்கத்தில் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அந்த ஒரு நாள்தான் அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது.

மறுநாள் மழையில் பின்கதவு ஒழுகியது. நாலு சொட்டுத்தான். அவர் கதவைக் கழற்றிவிட்டார்.

அது மாட்டப்பட்டு, மறுபடியும் கழற்றப்பட்டு, கடைசியில் ரெடி என்று அவரே சொல்லும்போது கோடை வந்துவிட்டது. மாகறல் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டார். மாகறல் தூரமில்லை. பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் ரோட்டில் போனால் வந்துவிடும். அக்காவின் அம்மா அங்கே தனியாக இருந்தார். அவருக்கும் வயதாகிப் பஸ் ஏறி வர முடியவில்லை. மகளும் அம்மாவும் பார்த்துக்கொண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வருகிறோம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. அக்காவுக்குத் துணையாக நானும் கிளம்பினேன். அக்காவுக்குப் பூ வைத்துவிட்டேன். அம்மாவுக்கு என்று ஒரு புடவையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஓரிக்கை தாண்டி ஆற்றங்கரைக்கு வந்ததும் அவர் வண்டியை நிறுத்தினார்.

"கேட்டியாமா? பின் சக்கரத்துல."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. இறங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு, மணலில் மல்லாந்து காருக்கு அடியில் போய்விட்டார். வெயில் ஏறியது. தகரம் கொதித்தது. பின்கதவைத் தூக்கிவிட்டு அக்காவுக்கு விசிறிக்கொண்டே இருந்தேன். வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். தேய்மானம் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது என்றார்.

"சந்தேகம்தானே, மெதுவா போவலாமே அண்ணா. பாதி தூரம் வந்துட்டோம். அம்மா சமைச்சி வச்சிக்கினு காத்துக்கினு இருப்பாங்க."

அவர் முகம் வேர்த்து, கண் ஒரு மாதிரி இருந்தது. "நடு ரோட்ல நின்னுட்டா இன்னாமா பண்ணுவேன்? நானா இருந்தா நடந்து போயிடுவேன். இவள இறக்கி எங்க போடுவேன்? யார கூப்புடுவேன்? சொல்லு."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். "திரும்பிடலாம்ங்க" என்றார். "ஆத்த பாத்தேன் இல்ல, போதும்."

திரும்பி வரும்போதும் அந்தப் புடவை அக்காவின் நெஞ்சின்மேலேயே இருந்தது.

ஐப்பசி மழையில் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பகல் நேரம். நான் கஞ்சி கொண்டுபோனபோது உதடு கறுத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் ஓடி வந்தார். முழங்கை வரைக்கும் கிரீஸ். வாசலில் கார் நின்றது. என்ஜின் அதில் இல்லை. சாக்கின் மேல் துண்டு துண்டாகப் பரப்பி வைத்து, மழை படாமல் மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்.

"பூட்டிடறேன்" என்றார். "இதோ பூட்டிடறேன்."

என் வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் அடுத்த தெருப் பட்டு வியாபாரியின் காரைக் கூட்டி வந்தார். அக்காவை மடக்கித்தான் ஏற்றினோம். கத்துவதற்கு அவருக்கு மூச்சு இல்லை. கார்க்காரர் அந்த வண்டியில் ஏறவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். "நீங்க போங்க. நான் பின்னாடியே வந்துடறேன்." அக்கா அவரைப் பார்க்கத் திரும்பினார். அவர் நிமிரவில்லை.

ஊர் ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டபோதே மூச்சு அடங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

பொழுது சாய்ந்து மழை விட்டபோது ஆஸ்பத்திரி கேட்டுக்குள் அந்தக் கார் நுழைந்தது. வேகமாக வந்து, படிக்குப் பக்கத்தில் நின்றது. அவர் இறங்கி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அப்படியொரு முகம்.

"கிளம்பிடுச்சிமா! ஒரு சத்தம் இல்ல. இங்க எதுக்கு, வேலூருக்கே போயிடலாம். அவள எடுத்துக்கினு வரச் சொல்லு." சொல்லிக்கொண்டே பின்கதவைத் தூக்கி முட்டுக் கொடுத்து, பலகையை வெளியே இழுத்தார். மேலே புது விரிப்பு போட்டிருந்தார்.

என் வீட்டுக்காரர்தான் போய் அவர் தோளைப் பிடித்தார்.

அக்காவை அந்தப் பலகையில்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அவரே ஓட்டினார். வேறு யாரையும் ஓட்ட விடவில்லை. வழியில் ஒரு இடத்திலும் வண்டி நிற்கவில்லை, குலுங்கவில்லை. பள்ளம் வந்தால் ஓரமாக ஒதுக்கி, உயிரோடு இருக்கிறவளைக் கொண்டு போவது போலக் கொண்டுபோனார்.

கருமாதிக்கு அக்காவின் அம்மா எப்படியோ பஸ் ஏறி வந்திருந்தார். எல்லோரும் கிளம்பிய பிறகு, அந்த அம்மா அவரிடம் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நான் பயந்தேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டு அதற்குத்தான் நின்றார் என்று நினைக்கிறேன்.

"மாப்ள, என்ன ஊர்ல உட்டுடறீங்களா? பஸ்சுல நிக்க முடியல."

அவர் மறுபேச்சுப் பேசாமல் சாவியை எடுத்தார். முன் சீட்டுத்தான் இல்லையே, அந்த அம்மாவும் நானும் பின்னால் பலகைமேல் உட்கார்ந்துகொண்டோம். ஓரிக்கை வந்தது. ஆற்றங்கரை வந்தது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஆற்றைக் கடந்தோம். புளியமரங்கள் வந்தன. இரண்டு பக்கமும் வயல் வந்தது. அந்த அம்மா, "அதோ, கோயிலு தெரியுது பாரு" என்று எனக்குக் காட்டினார். அவ்வளவு சீக்கிரம் மாகறல் வந்துவிட்டது. ஒரு பானைச் சோறு பொங்கி இறக்குகிற நேரம்கூட ஆகவில்லை.

அந்த அம்மா இறங்கி, கார்க் கூரையைத் தடவிப் பார்த்தார். பலகையையும் தொட்டுப் பார்த்தார். "என் பொண்ணுக்கு ராணி மாரி செஞ்சி வச்சிருக்கீங்க மாப்ள" என்றார். அதில் குத்தல் இல்லை. மனதாரச் சொன்னார். "உள்ள வாங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க."

அவர் உள்ளே போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, சாவியை அந்த அம்மாவின் கையில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எவ்வளவு கேட்டும் காரை எடுக்க மாட்டேன் என்றார். பஸ்சுக்குக் காத்திருந்து ஏறினோம். கூட்டம் இல்லை. எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கார்க்காரர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அவ உங்கிட்ட இன்னா சொல்வாமா? என்னப் பத்தி."

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்த அன்று அக்காவே என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். வண்டியில் ஒன்றுமில்லை என்று அக்காவுக்குத் தெரியும். வேலூருக்குப் போனால் டாக்டர் இனி முடியாது என்று சொல்லிவிடுவார், மாகறலுக்குப் போனால் அம்மா மகளின் கோலத்தைப் பார்த்து அழுதுவிடுவாள், இரண்டையும் கேட்க அவருக்குத் தைரியம் கிடையாது, அதனால்தான் அவருக்குச் சத்தம் கேட்கிறது. இதைத்தான் அக்கா சொன்னார்.

பஸ் ஆற்றைத் தாண்டிய பிறகுதான் கேட்டார்.

"தெரியுமா அவளுக்கு?"

"தெரியும் அண்ணா."

"அப்ப ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

அதையும் நான் அக்காவிடம் கேட்டிருந்தேன். "பயந்துக்கினு இருக்கறவர நாம வேற பயமுறுத்தணுமா மல்லிகான்னு சொன்னாங்க அண்ணா."

ஓரிக்கையில் பஸ் நின்றது. அவர் எழுந்து இறங்கிவிட்டார். "நம்ம இடம் இன்னும் வரல அண்ணா" என்று கூப்பிட்டேன். கேட்காதவர் போல ஆற்றுப் பக்கம் நடந்தார். பஸ் கிளம்பிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

காரைக் கொண்டுவர அவர் போகவே இல்லை. அந்த அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார். மாகறலில் அது கோழி அடைகிற இடமாகிப் போனதாகக் கேள்வி.

அதற்குப் பிறகும் அவர் வெகு காலம் இருந்தார். அக்காவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். என்னிடம் மட்டும், நான் வாசலில் தனியாக இருக்கிற நேரம் பார்த்து வந்து நிற்பார். வருஷங்கள் போகப் போக அடிக்கடி வந்தார்.

"பயந்தவருன்னுதான் சொன்னாளா மல்லிகா? வேற ஒண்ணும் சொல்லல இல்ல?"

"அவ்ளோதான் அண்ணா சொன்னாங்க."

"கோவமா சொன்னாளா?"

"இல்ல அண்ணா. சிரிச்சிக்கினுதான் சொன்னாங்க."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பார். தலையாட்டிவிட்டுப் போவார். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்து, முதல் தடவை கேட்பது போலவே கேட்பார்.